எடை இறங்கவில்லை என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள், என் கவலை வேறு

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்கு வயது 51. லுங்கித் தறி வைத்திருந்தவர். 18 வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக வேலூருக்கு வந்து திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். உயரம் 165 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. காலையும் இரவும் இன்சுலின். மூன்று மாதத்துக்கு முன் ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் ஒன்றில் லெப்டின், அடிபோனெக்டின் என்ற இரண்டு கொழுப்பு ஹார்மோன்களையும் பார்த்திருக்கிறார்கள். இரண்டுமே சாதாரண அளவைப்போல மூன்று மடங்கு. வெளிநாட்டில் இருக்கும் அக்கா மகன் இணையத்தில் தேடிவிட்டு, “லெப்டின் கெட்டது, ஹார்ட் அட்டாக் வரும். அடிபோனெக்டின் நல்லது, அது இதயத்தைப் பார்த்துக்கொள்ளும். சித்தப்பாவுக்குக் கொழுப்பைக் குறைத்தால் போதும்” என்று சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து இரவுச் சாப்பாடு நின்றது. முட்டை, கறி நின்றது. காலையில் வாழைத்தண்டுச் சாறு, மதியம் கேழ்வரகுக் களி அல்லது மோர் விட்ட கூழ், கூடவே தெரிந்தவர் ஒருவர் கொடுத்த ‘கொழுப்பு கரைக்கும் பொடி’. வருடக்கணக்காகப் போட்டுவந்த கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். டயாலிசிஸ்காரர்களுக்கு அதனால் பலன் இல்லை என்று அதே பையன் படித்தாராம்.

அவர் எழுத்திலேயே தருகிறேன்: “இவ்வளவு செய்தும் டயாலிசிஸ் முடிந்து எடை பார்த்தால் அதே 74 கிலோ. கன்னம் ஒட்டிவிட்டது, சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது, எடை மட்டும் இறங்கவில்லை. பிபி மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள். ராத்திரி படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று மூன்று தலையணை வைத்துக்கொள்கிறார். கொழுப்பு நெஞ்சில் சேர்ந்துவிட்டதா டாக்டர்?”

இன்னும் சில கேள்விகள். டயாலிசிஸில் குண்டாக இருப்பவர்கள்தான் நீண்ட நாள் இருக்கிறார்கள் என்று நாத்தனார் சொல்வது உண்மையா? சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் வயிறு கொஞ்சம் குறையட்டும் என்று மருத்துவர் சொன்னார், எப்படிக் குறைப்பது? அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம், அன்றைக்கு அவர் பிரியாணி சாப்பிடலாமா?

அம்மா, நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. மூன்று தலையணையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது கொழுப்பு இல்லை, தண்ணீர்.

டயாலிசிஸ் மெஷினுக்கு உங்கள் கணவரின் உடம்பில் எவ்வளவு தண்ணீர் கூடுதல் என்று தானாகத் தெரியாது. ‘டிரை வெயிட் 74’ என்று, அதாவது கூடுதல் நீரை எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை 74 என்று, ஃபைலில் எழுதியிருந்தால், டெக்னீஷியன் 74 வரும்வரை நீரை எடுப்பார், அதோடு நிறுத்திவிடுவார். அந்த 74-ஐக் குறித்தபோது உடம்பில் நல்ல சதை இருந்தது. மூன்று மாதம் முட்டை இல்லை, கறி இல்லை, இரவுச் சாப்பாடு இல்லை. தோளும் கன்னமும் வற்றியிருக்கின்றன. நீங்கள் எழுதியதை வைத்து என் கணிப்பு, மூன்று நான்கு கிலோ சதை போயிருக்கும். அப்படியும் தராசு 74 காட்டுகிறது என்றால் போன சதையின் இடத்தில் அவ்வளவு லிட்டர் தண்ணீர் நிற்கிறது. மூட்டையின் கனம் மாறவில்லை, உள்ளே அரிசி போய் ஈரம் வந்திருக்கிறது. பிபி ஏறியதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான். மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் டிரை வெயிட்டைக் குறைத்துப் பார்த்திருக்கலாம்.

படுத்தால் மூச்சு வாங்குவது நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளம். அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்த அன்றே டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்து, “சதை வற்றிவிட்டது, மூன்று தலையணை வைத்துப் படுக்கிறார், டிரை வெயிட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்” என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு அடைத்தாலோ, காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தாலோ யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். நெடுநாள் சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெறும் வியர்வையும் மூச்சு வாங்கலுமாகவே வந்துவிடும்.

சேர்ந்த நீரை ஒரே நாளில் இழுக்கவும் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ உடல் எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுத்தால் இதயத்துக்குக் கெடுதல் என்பது நாங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3.6 லிட்டர். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே மட்டும் அவருக்கு நான்கு கிலோ ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவே எல்லையைத் தாண்டுகிறது. அதனால் ஒரு கூடுதல் நாள் டயாலிசிஸோ, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் நீட்டிப்போ வைத்து, டிரை வெயிட்டை அரை அரை கிலோவாக இறக்குவார்கள். இரண்டு மூன்று வாரம் ஆகலாம்.

சரி, இப்போது அந்த ஹார்மோன்களுக்கு வருவோம்.

கொழுப்பு என்பது சும்மா தொங்கும் சதை இல்லை, அதுவும் ஒரு சுரப்பிபோல வேலை செய்கிறது என்பது பெரிதாகத் தெரியவந்தது 1994-ல் லெப்டினைக் கண்டுபிடித்த பிறகுதான். கொழுப்பு செல்கள் அதைச் சுரக்கின்றன. ‘இருப்பு போதும், சாப்பிட்டது போதும்’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். அளவுக்கு மீறினால் நரம்புகளை முறுக்கி பிபியை ஏற்றும், அழற்சியைத் தூண்டும். அந்தப் பையன் படித்தது இந்த அளவில் சரி.

அவர் விட்டுவிட்டது ஒன்று உண்டு. இரத்தத்திலிருந்து லெப்டினை வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு சிறுநீரகத்துடையது. மதகு அடைத்த ஏரியில் தண்ணீர் உயர்ந்தால், மழை அதிகம் என்று சொல்லிவிட முடியுமா? சாதாரண டயாலிசிஸ் ஃபில்டரின் துளை வழியாக லெப்டின் போகாது, துளை பெரிதான ஹை ஃபிளக்ஸ் ஃபில்டரில் ஓரளவு போகும். ஆகவே டயாலிசிஸில் இருப்பவருக்கு மூன்று மடங்கு என்பதில் எவ்வளவு தொப்பையின் கணக்கு, எவ்வளவு சிறுநீரகத்தின் கணக்கு என்று பிரிக்க முடியாது. டயாலிசிஸ் நோயாளிகளில் லெப்டின் குறைவாக இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்று காட்டிய ஆய்வும் இருக்கிறது. மெலிந்து வற்றியவர்களுக்கு லெப்டின் குறைவாக இருப்பது இயல்புதானே.

அடிபோனெக்டின் கதை இதைவிடச் சிக்கல். கொழுப்பிலிருந்துதான் வருகிறது, ஆனால் வயிற்றுக்குள் கொழுப்பு கூடக் கூட இது குறையும். இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும், இரத்தக் குழாயின் உள்சுவரைக் காக்கும். அதனால் ‘நல்ல ஹார்மோன்’ என்று பெயர் வாங்கிவிட்டது. 2002-ல் இத்தாலியிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், டயாலிசிஸ் நோயாளிகளில் அடிபோனெக்டின் அதிகம் இருந்தவர்களுக்கு இதயப் பிரச்சினை குறைவாக வந்தது. உங்கள் அக்கா மகன் பார்த்தது இதைச் சுற்றிய ஏதோ ஒன்றாக இருக்கும். ஆனால் பின்னால் வந்த பல ஆய்வுகளில் கதை தலைகீழானது. அதிகம் இருந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள்.

ஏன் இந்தக் குழப்பம்? சிறுநீரகம் பழுதானால் அடிபோனெக்டினும் இரண்டு மூன்று மடங்கு ஏறும். உடம்பு வற்றினாலும் ஏறும். இன்னொன்று, உங்கள் கணவர் விஷயத்தில் இதுதான் என்னை உறுத்துகிறது: இதயம் நீர்ச்சுமையால் திணறும்போது அது சுரக்கும் சில பொருட்கள் கொழுப்பு செல்களைத் தூண்டி அடிபோனெக்டினைக் கூட்டும். ஆக, அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் மூன்று மடங்கு, இதயத்தைக் காக்கும் கவசமாகவும் இருக்கலாம், இதயம் அப்போதே மூச்சு முட்ட ஆரம்பித்ததன் நிழலாகவும் இருக்கலாம். அந்த எண்ணை மட்டும் வைத்து எந்த மருத்துவராலும் எது என்று சொல்ல முடியாது. இந்த டெஸ்ட் ஆராய்ச்சிக்கு உதவும், அதை வைத்து நான் மாற்றக்கூடிய மாத்திரை ஒன்றுகூட இல்லை. திரும்ப எடுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குங்கள்.

நாத்தனார் சொன்னது பாதி உண்மை

டயாலிசிஸில் இருப்பவர்களில் எடை கூடியவர்கள் ஒல்லியானவர்களைவிட நீண்ட நாள் இருக்கிறார்கள் என்பது பல நாடுகளில் பார்த்த விஷயம். மற்றவர்களுக்கு நேர் எதிர். டயாலிசிஸில் முதலில் ஆளை அடிப்பது சத்துக்குறைவும் அழற்சியும். கையிருப்பு உள்ளவர் ஒரு காய்ச்சலையோ, ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் செய்த இரத்தக் குழாய் இணைப்பு) வரும் இன்ஃபெக்‌ஷனையோ தாங்கிவிடுவார், இல்லாதவர் சாய்ந்துவிடுவார்.

ஆனால் எடை என்பது ஒரே பொருள் இல்லை. 2009-ல், மறுபடியும் இத்தாலியிலிருந்துதான், ஒரு ஆய்வு வந்தது. எடை கூடுதலாக இருப்பது நல்லது, ஆனால் அதே எடை உள்ளவர்களில் இடுப்புச் சுற்று பெரிதாக இருப்பவருக்கு ஆபத்து அதிகம் என்றது. தொடையிலும் தோளிலும் இருக்கும் சதை காப்பாற்றுகிறது, வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பு கெடுக்கிறது. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ. வரைதான் இடுப்பு இருக்கலாம் என்பார்கள், அவருக்கு 104. அதனால் நாத்தனார் சொல்கிறபடி இஷ்டத்துக்குச் சாப்பிடவும் கூடாது. நீங்கள் செய்ததுபோல் பட்டினி போட்டாலோ முதலில் கரைவது தொப்பை இல்லை, சதை.

பொடி, சாறு, மாத்திரை

டயாலிசிஸ் நோயாளியின் இதயம் பெரும்பாலும் குழாய் அடைத்து நிற்பதில்லை, துடிப்பு தாளம் தப்பித் திடீரென்று நிற்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது அதற்கு ஒரு பெரிய காரணம். வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. சிறுநீர் நன்றாகப் போகிறவருக்கு அது எப்படியோ போகட்டும், உங்கள் கணவருக்கு அது டம்ளரில் ஊற்றிய பொட்டாசியம். இளநீரும் அப்படியே. உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதே பொட்டாசியம்தான். சாதாரண உப்பையே குறைவாகப் போடுங்கள்.

பொடியில் என்ன இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியாது என்பது என் அனுபவம். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. பேர் தெரியாத பொட்டலத்தின் மேல் உண்டு. நிறுத்துங்கள், மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரை விஷயத்தில் பையன் படித்தது தப்பில்லை, பாதியோடு நிறுத்திவிட்டார். 2005-லும் 2009-லும் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஸ்டாட்டின் என்ற இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுத்ததில் குறிப்பிடும்படி பலன் தெரியவில்லை. அதனால் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறது சர்வதேச வழிகாட்டி. முன்பிருந்தே போட்டுக்கொண்டிருப்பவர் தொடரலாம் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. உங்கள் கணவர் இரண்டாவது வகை. திரும்பத் தொடங்குவதைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காமலே விட்ட ஒன்று: இரவுச் சாப்பாட்டை நிறுத்தினீர்கள், இரவு இன்சுலினை? அதைப்பற்றி ஒரு வரி இல்லை. பழுதான சிறுநீரகத்தில் இன்சுலின் சீக்கிரம் கழியாது, உடம்பில் நெடுநேரம் நிற்கும். சாப்பிடாமல் ஊசி போட்டுப் படுத்தால் நள்ளிரவில் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும், அதுவும் இதயத் துடிப்பைக் குலைக்கும். இன்றிரவே இரண்டு இட்லியும் முட்டை வெள்ளையும் கொடுத்துச் சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பியுங்கள். இன்சுலின் அளவை மருத்துவர் சரிபார்க்கட்டும்.

பிறகு எப்படித்தான் வயிற்றைக் குறைப்பது?

முதலில் நீர் இறங்கட்டும். மூச்சு வாங்குவது நின்ற பிறகுதான் மற்றது.

புரதத்தை உயர்த்துங்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், இவருக்குச் சுமார் 70 முதல் 80 கிராம். டயாலிசிஸ் வருவதற்கு முன் ‘புரதத்தைக் குறை’ என்று சொல்லியிருப்பார்கள், பலர் அந்தப் பழைய சீட்டையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, கோழி, மீன் எல்லாம் வேண்டும். கருவாடு மட்டும் வேண்டாம், அது உப்பு. காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். களியை விடவே முடியாது என்கிறவர் வீட்டில் வாரம் ஓரிரு நாள் சிறு உருண்டை வைத்துக்கொள்ளட்டும். அரிசியைவிட அதில் பொட்டாசியம் கூடுதல். கூழ் வேறு விஷயம். கூழும் மோரும் தண்ணீர்க் கணக்கில்தான் வரும். ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு ‘தண்ணியே குடிக்கலை’ என்று சத்தியம் செய்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

தாகத்துக்குக் காரணம் உப்பும் சர்க்கரையும்தான், வேலூர் வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஊறுகாய், அப்பளம், பாக்கெட் மிக்சர் நின்றால் வெள்ளி-திங்கள் இடைவெளியில் ஏறும் நான்கு கிலோ மூன்றுக்குக் கீழ் இறங்கும்.

சதையை வளர்க்க ஜிம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து, திரும்ப உட்காருவது, பத்து முறை. காலை மாலை. டயாலிசிஸ் இல்லாத நாளில் அரை மணி நடை. தறியில் உட்கார்ந்தவர், கால் மிதித்துப் பழகியவர். முடிந்த நாளில் ஒரு மணி நேரம் தறி ஓட்டட்டும், ஃபிஸ்டுலா கையில் கனம் தூக்காமல். மனசுக்கும் நல்லது.

இடுப்பை மாதம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். மாதம் ஒரு செ.மீ. குறைந்தாலே போதும். கூடவே இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பாருங்கள். இடுப்பு குறைந்து ஆல்புமின் இறங்காமல் இருந்தால் போவது கொழுப்பு.

மாற்று அறுவை பற்றி. அவர் உயரத்துக்கு 74 கிலோ என்றால் பிஎம்ஐ 27, அதுவே தடை இல்லை. உங்கள் சிறுநீரகத்தைக் கொடுக்கத் தயார் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம். 1994-ம் வருடச் சட்டப்படி மனைவி நெருங்கிய உறவினர்தான், அனுமதிச் சிக்கல் அதிகம் இருக்காது. ஆனால் உங்கள் சர்க்கரை, பிபி, சிறுநீரகம் எல்லாம் பார்த்த பிறகே முடிவு. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் நீங்களே கேட்டாலும் மறுத்துவிடுவார்கள், மனசு விடாதீர்கள். இறந்தவரிடமிருந்து உறுப்பு பெறும் தமிழ்நாடு அரசுப் பட்டியலில் அவர் பெயரை இப்போதே பதியச் சொல்லுங்கள். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று எழுதவில்லை. டயாலிசிஸும் மாற்று அறுவையும் அதில் வருகின்றன. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமாகச் சிறுநீரக மாற்று நடந்தது நம் வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில், 1971-ல். கொல்கத்தாவிலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து இதற்காக ஆட்கள் வருகிறார்கள். உங்களுக்கு குடியாத்தத்திலிருந்து ஒரு பஸ்.

கடைசியாக அந்த ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளி டயாலிசிஸ் முடிந்து திங்கள் வரைக்கும் உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே நீளம். அதன் கடைசியில் நீரும் பொட்டாசியமும் உச்சத்தில் இருக்கும். 2011-ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், இந்த நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாள்தான் மரணமும் மாரடைப்பும் அதிகம் என்று தெரியவந்தது. நிச்சயதார்த்தம் சரியாக அந்த இடைவெளியின் நடுவில் விழுகிறது. தேதியை மாற்ற வேண்டாம், டயாலிசிஸை மாற்றலாம். அந்த வாரம் மட்டும் வெள்ளிக்குப் பதில் சனிக்கிழமை இடம் கிடைக்குமா, அல்லது சனிக்கிழமை கூடுதலாக ஒரு முறை வைக்க முடியுமா என்று யூனிட்டில் இப்போதே கேட்டுவையுங்கள். கடைசி நிமிடத்தில் படுக்கை கிடைக்காது.

கிடைத்துவிட்டால், பந்தியில் உட்காரட்டும். நான்கு துண்டு கறி, அள்ளிப் போடாமல் ஒரு கரண்டி சோறு. பிரியாணிச் சோற்றிலேயே உப்பு இருக்கிறது, அதற்கு மேல் கத்திரிக்காய்த் தொக்கும் ஊறுகாயும் இலையில் வேண்டாம். தயிர்ப் பச்சடி ஒரு ஸ்பூன். சாப்பிட்ட பிறகு ஜிகர்தண்டா, பாயசம், சோடா என்று யாராவது கையில் திணிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று அவர் வாங்கிக் குடித்துவிடுவார். அந்த டம்ளரை வாங்கி வைத்துக்கொள்ள ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நாத்தனார் பொருத்தமாக இருப்பார்.